அல்வாவுக்கு எடுக்கிற பால் ஹார் காவுக்கும் ஆகும்

டிம் சம் என்கிற சீனச் சிறுபலகார வகைகளில் ஹார் காவ் என்கிற இறால் கொழுக்கட்டைக்குத்தான் முதலிடம். உள்ளிருக்கும் இளஞ்சிவப்பு வெளியே தெரியும் அந்தத் தோல் கோதுமை ஸ்டார்ச்சில் செய்வது. திருநெல்வேலிக்காரர்களுக்கு இது புதுசே இல்லை. அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்துப் பிழிந்த பாலின் அடியில் தங்குகிற வெள்ளை மாவேதான். ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, மேல்தண்ணீரை இறுத்து, வெயிலில் காயவைத்துச் சலிக்கலாம். கோதுமையின் பசைப்புரதமான குளூட்டன் கலந்தால் தோல் கண்ணாடியாகாது. பாலைத் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள்.

100 கிராம் ஸ்டார்ச், 40 கிராம் மரவள்ளி மாவு, சிட்டிகை உப்பு. 150 மில்லி தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கும்போதே மொத்தமாக ஊற்றிக் கிளறி, 5 நிமிடம் மூடிவைத்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசையுங்கள். மாவு உதிர்ந்தால் தண்ணீரில் கொதி போதவில்லை. நம்ம கொழுக்கட்டை மாவுக்கும் இதேதான். உருட்டியதை ஈரத்துணியால் மூடாவிட்டால் விளிம்பு வெடிக்கும்.

தூத்துக்குடி இறால் 200 கிராம்: பாதியை நறுக்கி, பாதியை நசுக்கி, உப்பு, வெள்ளை மிளகு, ஒரு ஸ்பூன் சோளமாவு. இறாலின் ஈரத்தை ஒற்றி எடுக்காவிட்டால் அடித்தோல் கிழியும். சீனச் சமையலில் வறுத்த எள்ளின் எண்ணெய் சேர்ப்பார்கள். நம்ம நல்லெண்ணெயில் அந்த வாசம் வராது. அரை ஸ்பூன் எள்ளை வறுத்துப் பொடித்துப் போடுங்கள்.

இறால் கலவையைத் தோலில் வைத்து மடித்து மூடி, இட்லிக் கொப்பரையில், எண்ணெய் தடவிய வாழையிலை மேல், ஆவி நன்றாக வந்தபின் 6 நிமிடம். மூடியில் துணி கட்டுங்கள். சொட்டு விழுந்த இடம் கொழகொழத்துப்போகும். இறக்கியதும் கை வைக்காதீர்கள். 2 நிமிடம் பொறுத்தால் தோல் இறுகி, இலையிலிருந்து முழுசாகக் கழன்று வரும்.