பாடநூல் ஸூலுவும் வாய்மொழி ஸூலுவும்

தென்னாப்பிரிக்க மொழியான ஸூலுவைக் கற்பவர் முதலில் தடுமாறுவது பேச்சில் விழுங்கப்படும் அசைகளில்தான். (ஆங்கில 'ஸெட்' ஒலியை இங்கே 'ஸ' என்றே எழுதுகிறேன்.)

மாடுகள் என்பதற்கு எழுத்தில் 'இஸின்கோமோ'. பேச்சில் 'ஸி' கரைந்து 'ஈன்கோமோ' ஆகிவிடும். முன்னொட்டு தேய்ந்தாலும் வினையின் தொடக்கத்தில் எழுவாய்க்குப் பொருந்தி வரும் இயைபு அசை தேயாது: 'ஈன்கோமோ ஸியாட்லா', மாடுகள் மேய்கின்றன. அந்த 'ஸி' பன்மையைச் சொல்லிவிடும். ஆகவே பெயர்ச்சொல் சரியாகக் கேட்காவிட்டால் வினையின் முதல் அசையைப் பிடியுங்கள்.

'போய்க்கொண்டிருந்தேன்' என்பதன் முழு வடிவம் 'ங்கிபே ங்கிஹம்பா'. சாதாரணமாகச் சொல்வது 'பெங்கிஹம்பா'. 'நான்' என்னும் 'ங்கி' இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்படுவதால், அதை முதலில் தேடுபவருக்கு வாக்கியமே நழுவிவிடும்.

எண்களில்தான் இடைவெளி மிகப் பெரிது. 50 ரேண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்), இலக்கணப்படி 'அமராண்டி அங்கமாஷூமி அமாஹ்லானு': ஐந்து பத்துகளான ரேண்டுகள். கடையில் பெரும்பாலும் ஆங்கில 'ஃபிஃப்டி'தான். மணி சொல்லும்போதும் 'ங்கோ-ஃபைவ்'. எண் ஆங்கிலம், முன்னொட்டு ஸூலு.

கடன் வினைகளும் அப்படியே. 'உனக்கு போன் செய்கிறேன்' என்பதற்கு மரபான தொடர் 'ங்கிஸோகுஷயேலா உசிங்கோ', அதாவது உனக்குக் கம்பியைத் தட்டுவேன். (அந்த 'சி' முன்பற்களுக்குப் பின்னால் நாக்கைச் சொடுக்கும் ஒலி.) பேச்சில் 'ங்கிஸோகுஃபோனேலா'. ங்கி நான், ஸோ எதிர்காலம், கு உன்னை, ஏலா '-க்காக'. வேர் மட்டுமே இரவல். இதைக் கலப்படம் என்று ஒதுக்குவது தவறு.

மரியாதையில் மட்டும் சுருக்கம் வேண்டாம். பெரியவர் ஒருவரே நின்றாலும் 'ஸனிபோனானி' என்று பன்மையில் வணங்குங்கள்.