நத்தைத் தொல்லை: தோட்டத்தில் இதுவரை செய்து பார்த்தது

முட்டைக்கோஸ் நாற்று, கீரை, சாமந்தி. என் தோட்டத்தில் நத்தைகள் முதலில் கை வைப்பது இந்த மூன்றில்தான். தண்டு முற்றிய செடிகளை அவ்வளவாகத் தொடுவதில்லை, ஆனால் நட்டு நாலைந்து இலை விட்ட நாற்று என்றால் ஒரே ராத்திரியில் காம்பு மட்டும்தான் மிச்சம். புழுவா நத்தையா என்று சந்தேகம் வந்தால் காலையிலேயே இலையைச் சாய்த்துப் பாருங்கள். பளபளவென்று காய்ந்த சளித்தடம் இருந்தால் நத்தை, கரும்பச்சை உருண்டைகளாக எச்சம் கிடந்தால் பெரும்பாலும் புழு. நத்தையின் நாக்கில் நுண்ணிய பற்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, அதை வைத்து அரம் போல இலையைச் சுரண்டித் தின்கிறது. ஓட்டைகள் கண்டபடி, இலையின் நடுவிலும் விழுவது அதனால்தான்.

எல்லாரும் சொல்லும் தடுப்புகளைத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். ஒரு பாத்தியைச் சுற்றி முட்டை ஓட்டுத் தூள், இன்னொன்றுக்குச் சாம்பல், சில தொட்டிகளின் விளிம்பில் செம்புப் பட்டை, ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் போடாமல் ஒரு பாத்தி. சாம்பல் காய்ந்திருந்த வரை தயங்கின, பனி இறங்கி அது நனைந்ததும் மேலேயே ஏறிப் போய்விட்டன. முட்டை ஓட்டைச் சட்டை செய்யவே இல்லை, சளியைப் பரப்பிக்கொண்டு சாவகாசமாகக் கடந்தன. செம்பிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2018இல் வெளியிட்ட சோதனையிலும், முட்டை ஓடு, செம்புப் பட்டை, கூர்மணல் எல்லாம் போட்ட லெட்டூஸ் செடிகளுக்கும் ஒன்றும் போடாதவற்றுக்கும் சேதத்தில் குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை என்றே வந்தது. உப்பை மட்டும் நான் தொடவே இல்லை. நத்தை சாகும், சரி, ஆனால் அந்த உப்பு மண்ணில் தங்கி வேரைக் கெடுக்கும்.

இரண்டு விஷயங்கள் நன்றாகவே பலன் தந்தன.

ஒன்று, தண்ணீர் ஊற்றும் நேரம். நத்தை நகர ஈரம் வேண்டும், ஓடில்லா நத்தைக்கு இன்னும் அதிகமாக வேண்டும், ஏனென்றால் உடம்பு காயாமல் காக்க அதற்கு ஓடும் கிடையாது. சாயங்காலத்தில் ஊற்றினால் அவை வெளியே வரும் நேரத்தில் மண் சொதசொதவென்று இருக்கும். காலையில், அதுவும் செடியின் அடியில் மட்டும் ஊற்ற ஆரம்பித்ததும் ராத்திரி மேல்மண் ஓரளவு காய்ந்துவிடுகிறது, சேதம் கண்கூடாகக் குறைந்தது. நாற்றைச் சுற்றி மண்ணை மூடிப் போட்டிருந்த காய்ந்த இலைதழை மூடாக்கையும் தண்டு தடிக்கும் வரை ஒரு சாண் தள்ளி வைத்தேன்.

இன்னொன்று, பகலில் ஒளியும் இடத்தை நாமே அமைத்துக் கொடுப்பது. நனைத்த சாக்கு, அதன் மேல் ஒரு பழைய பலகை, பாத்தி ஓரத்தில் போட்டுவிட வேண்டியதுதான். விடிந்ததும் வெயிலுக்குப் பயந்து அதன் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். பலகையைப் புரட்டினால் மொத்தமாகக் கிடைக்கும், டார்ச் எடுத்துக்கொண்டு ராத்திரியில் அலைவதைவிட இது எவ்வளவோ மேல். சோப்புத் தண்ணீரில் போட்டு, அப்புறம் குழியில் புதைத்துவிடுகிறேன். வேலிக்கு அந்தப்பக்கம் வீசி எறிவதில் பயன் இல்லை, தோட்டத்து நத்தைகள் பழகிய இடத்துக்குத் திரும்பி வரக்கூடியவை. தொட்டிகளின் அடியையும் தூக்கிப் பாருங்கள், வெள்ளை முத்துகளாக முட்டைகள் கொத்துக் கொத்தாக இருக்கும். பெரிய ஆப்பிரிக்க நத்தை ஒரு ஈட்டில் 100க்கும் மேல் இடும், அதனால் ஒரு கொத்தை எடுப்பது அத்தனை நத்தைகளைப் பிடிப்பதற்குச் சமம்.

கையுறை இல்லாமல் தயவுசெய்து தொடாதீர்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் இளம்பருவம் நத்தைகளுக்குள் இருக்கலாம், மனித உடம்புக்குள் போனால் மூளைச் சவ்வு அழற்சி வரை கொண்டுபோகும். பச்சையாகச் சாப்பிடும் இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழுவுவது அவசியம், குட்டி ஓடில்லா நத்தைகள் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் கண்ணுக்கே தெரியாது.

மழை விடாமல் பெய்த நாட்களில் பலகை போதவில்லை, அப்போது மட்டும் இரும்பு பாஸ்பேட் குருணையைத் தூவினேன். அதைத் தின்றதும் இரை எடுப்பதை நிறுத்தி எங்கேயாவது ஒளிந்து செத்துவிடும், அதனால் செத்த நத்தைகளைத் தேடாமல் புது இலை கடிபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குவியலாகப் போட வேண்டாம், பரவலாகக் கொஞ்சம் போதும். மெட்டால்டிஹைடு என்ற நத்தைக்கொல்லி கலந்த குருணையை நான் வாங்கவே மாட்டேன், நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து.

இப்போதைக்கு இரண்டாவது விதைப்புக் கீரை முழுசாக நிற்கிறது, சாமந்தி மொட்டு விட்டிருக்கிறது. உரக்குழி ஓரத்தில் இன்னும் நிறைய இருக்கின்றன, அழுகிய இலையைத் தின்னும் வரை அங்கேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். குழிக்கும் கீரைப் பாத்திக்கும் நடுவில் இருக்கும் புல்லைச் சுத்தமாகச் செதுக்கி, ஒளிய இடமில்லாத காய்ந்த தரையாக விட்டுப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.