உல்ம் ரைஃபிளும் 16 மில்லிமீட்டர் கணக்கும்

50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. சட்டைப் பொத்தான் அளவுதான். .22 குண்டின் விட்டம் 5.6 மி.மீ. குண்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே பத்து உண்டு. ஆகவே துளையின் மையம் இலக்கின் நடுவிலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். எல்லாத் துளைகளின் மையங்களும் 16 மி.மீ. விட்டத்துக்குள் அடங்க வேண்டும். இந்தப் பதினாறில் முதல் பங்கை ரைஃபிளும் தோட்டாவும் தின்றுவிடும். மிச்சம்தான் சுடுபவருக்கு. நல்ல ரைஃபிளும் அதற்கு ஒத்துப்போகும் தோட்டாவும் சேர்ந்தால் எட்டு முதல் பத்து மி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளும். ஒத்துப்போகாத தோட்டா பதினாறையும் விழுங்கிவிட்டு, பழியைச் சுடுபவர் தலையில் போடும்.

தசமத்தில் எண்ணும்போது கணக்கு இன்னும் இறுகுகிறது. ஒவ்வொரு 0.1-க்கும் 0.8 மி.மீ. 10.9 வேண்டுமானால் மையம் நடுவிலிருந்து 0.8 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டி, ரைஃபிள் செய்தே பல தலைமுறை ஓட்டிய குடும்பம் ஆன்ஷுட்ஸ். ஜெர்மனியின் தூரிங்கியா பகுதியில் உள்ள மேலிஸ் என்ற சிற்றூரில் 1856-இல் யூலியஸ் கோட்ஃபிரீட் ஆன்ஷுட்ஸ் பட்டறை போட்டார். பக்கத்து ஊரான செல்லாவில் 1886-இல் கார்ல் வால்தர் தன் துப்பாக்கிப் பட்டறையைத் தொடங்கினார். 1919-இல் இரண்டு ஊர்களும் ஒரே ஊராகி செல்லா-மேலிஸ் ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தப் பகுதி சோவியத் கட்டுப்பாட்டில் போனதும் இரண்டு குடும்பங்களுமே தொழிற்சாலையை இழந்து, தெற்கே உல்ம் நகருக்கு வந்து முதலிலிருந்து தொடங்கின. ஆன்ஷுட்ஸ் அங்கே மீண்டும் கடை விரித்தது 1950-இல். பதக்க மேடையில் ஒன்றோடொன்று மோதும் இரண்டு பெயர்கள் பழைய ஊரிலும் பக்கத்து வீடு, புது ஊரிலும் பக்கத்து வீடு.

1950-களில் இந்தக் குடும்பம் கொண்டுவந்த 'மேட்ச் 54' பொறிதான் பேச வேண்டிய விஷயம். பொறி என்றால் போல்ட்டும் அது ஓடும் உறையும். அதன் பிறகு பொறியைத் தாங்கும் கட்டை மாறியது, அலுமினியம் வந்தது, கன்னத்தாங்கி நாலு பக்கமும் நகரத் தொடங்கியது. பிறகு வந்த '2013' என்ற எண் கொண்ட மாடலில் உறையே உருளையிலிருந்து சதுரமாயிற்று. ஆனால் கனமான உறை, பின்பக்கத்தில் பூட்டும் போல்ட், குறுகிய ஓட்டமுள்ள சுடும் ஊசி என்ற அடிப்படை அப்படியே நின்றது. ஊசி விடுபடுவதற்கும் மருந்து பற்றுவதற்கும் இடைப்பட்ட நேரம் குறையக் குறைய, கை நடுக்கம் இலக்கைக் கலைக்கக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. இதைச் சரியாகப் பிடித்துவிட்டவர்களுக்கு வேறு எதைப் புதிதாகக் கண்டுபிடிக்க? என் பார்வையில் இந்தக் குடும்பத்தின் பெரிய சாதனை, அதைத் தொடாமல் விட்டதுதான்.

அப்படியானால் இப்படிப்பட்ட ரைஃபிள் ஏன் திடீரென்று சிதறச் சுடுகிறது? பெரும்பாலும் பொறி கட்டையில் உட்காரும் இடத்தில்தான் கோளாறு. இரண்டு திருகுகள் பொறியைக் கட்டையோடு பிடிக்கின்றன. மரக்கட்டை ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும்; திருகின் இறுக்கம் அதோடு மாறும். கைப்பக்குவத்தில் இறுக்குவது இங்கே வேலைக்காகாது, அளவுகாட்டும் டார்க் திருப்புளி வேண்டும். 4 நியூட்டன் மீட்டரில் தொடங்கி, அரை அரையாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து குண்டாக இரண்டு தொகுப்பு சுட்டுப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன உச்சத்தைத் தாண்டாதீர்கள். நல்ல அளவு கிடைத்ததும் அதைக் கட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைப்பது உத்தமம். இறுக்கும்போது முன் திருகு, பின் திருகு, மறுபடி முன் என்று மாற்றி மாற்றிப் போங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் உறை முறுக்கிக்கொண்டு உட்காரும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: குழலும் கட்டையும் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒரு திருகைத் தளர்த்துங்கள். குழல் தூக்கிக்கொள்வது விரலுக்குத் தெரிந்தால் பொறி சமமாக உட்காரவில்லை.

அடுத்தது தோட்டா. .22 குண்டின் எடை 40 கிரெயின், ஏறக்குறைய 2.6 கிராம். போட்டித் தோட்டா நொடிக்கு 320, 330 மீட்டர் வேகத்தில்தான் போகும். வேகம் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஒலியின் வேகத்தைத் தாண்டிய குண்டு, வழியில் மறுபடி அதற்குக் கீழே இறங்கும்போது தள்ளாடும். அதனால்தான் வேண்டுமென்றே கீழேயே வைக்கிறார்கள். எலே டெனெக்ஸ், ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்50, லாபுவா மைடாஸ் என்று பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும், பார்க்க வேண்டியது லாட் எண்ணைத்தான், அதாவது ஒரே தடவையில் தயாரான தோட்டாக்களுக்கு இடும் எண்ணை. ஒரே பெயர், ஒரே விலை, வேறு லாட். ஒரே லாட்டும் ஒரு குழலில் 9 மி.மீ., இன்னொன்றில் 15. காரணம் குழலுக்குக் குழல் அதிரும் விதம் வேறு, குண்டு நுழையும் வாயின் அளவு நூலிழை வேறு. அதனால் ரைஃபிளின் பொறியை மட்டும் கிடுக்கியில் பூட்டி, பத்துப் பதினைந்து லாட்டில் ஒவ்வொன்றுக்கும் 10 குண்டு சுட்டு, தேறிய இரண்டு மூன்றில் 40 குண்டு சுட வேண்டும். பத்தே குண்டின் தொகுப்பைப் பார்த்துப் பெட்டி பெட்டியாக வாங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சின்னத் தொகுப்பு அதிர்ஷ்டத்திலும் வரும்.

துளைகள் மேலும் கீழுமாக மட்டும் நீண்டால் காற்றைக் குறை சொல்ல வேண்டாம். குண்டுகளின் வேகம் ஒன்றுபோல் இல்லை என்று அர்த்தம். தோட்டா நல்ல லாட்டாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஊசியின் ஸ்பிரிங். சுட்ட தோட்டாவின் விளிம்பில் ஊசி விழுந்த தழும்பைப் பாருங்கள். ஒன்று ஆழமாகவும் இன்னொன்று மேலோட்டமாகவும் இருந்தால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது, அல்லது போல்ட்டுக்குள் எண்ணெய் பிசினாகிவிட்டது.

குழல் சுத்தம் செய்வதில் இரண்டு கட்சி உண்டு. தினம் தேய்ப்பவர்கள் ஒரு பக்கம், தொடவே கூடாது என்பவர்கள் மறுபக்கம். உண்மையில் கேடு விளைவது ஒரே இடத்தில்: தோட்டா உட்காரும் அறைக்குச் சற்று முன்னால் கரியும் கண்ணாடித்தூளும் சேர்ந்து வளையமாகப் படியும். கண்ணாடித்தூள் பற்றவைக்கும் மருந்திலிருந்து வருவது. அதைக் கரைப்பானில் ஊறவைத்து, பின்பக்கத்திலிருந்து வழிகாட்டிக் குழாய் வைத்து, ஃபெல்ட் துண்டால் தள்ள வேண்டும். முன்வாயிலிருந்து கம்பியை விட்டால் வாயின் விளிம்பு தேயும், தேய்ந்தால் குழல் போயிற்று. சுத்தம் செய்த உடனே போட்டிக்குப் போகாதீர்கள். குண்டின் மெழுகு குழலில் மறுபடி பூசிக்கொள்ள பத்து, இருபது குண்டு ஆகும்.

பனிச்சறுக்கும் சுடுதலும் சேர்ந்த பயத்லானில் இதே குடும்பத்தின் ரைஃபிள் வேறு அவதாரம் எடுக்கிறது. 1978 முதல் அங்கேயும் .22-தான், 50 மீட்டர்தான். படுத்துச் சுட 45 மி.மீ. வட்டம், நின்று சுட 115 மி.மீ. குறைந்தபட்ச எடை 3.5 கிலோ, டிரிகர் எடை, அதாவது அதை இழுக்கத் தேவையான விசை, அரை கிலோவுக்குக் குறையக் கூடாது. பவேரியாவின் ஃபோர்ட்னர் பட்டறை செய்த நேரிழுப்பு போல்ட் இதில் உண்டு: ஆட்காட்டி விரலால் பின்னுக்கு இழு, கட்டைவிரலால் முன்னுக்குத் தள்ளு. போல்ட்டைத் தூக்கித் திருப்ப வேண்டியதில்லை. கன்னம் கட்டையை விட்டு நகராது. 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் நான்கு தனி மற்றும் அணித் தங்கங்களையும் அள்ளிய நார்வேயின் ஓலே அய்னார் பியோர்ன்டாலன் கையில் இருந்தது ஆன்ஷுட்ஸ். பின்னால் வந்த பிரான்ஸின் மார்ட்டான் ஃபூர்காட் கையிலும் அதுவே. குளிரில் போல்ட்டை எண்ணெய் இல்லாமல் துடைத்து வைக்க வேண்டும், இல்லையேல் ஊசி மந்தமாகும். லாட் சோதனையையும் குளிரில்தான் செய்ய வேண்டும். வேகம் குறைந்து குண்டு தாழ்வாக விழும். சூடான அறையில் ஜெயித்த லாட் பனியில் தோற்கும்.

ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிளுக்கோ டிரிகர் எடையில் கீழ்வரம்பே இல்லை. நூறு கிராம், அதற்கும் கீழே வைப்பவர்கள் உண்டு. 2008 பெய்ஜிங்கில் மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் மூன்று நிலைப் போட்டியின் கடைசிக் குண்டுக்கு முன் அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் 3.3 புள்ளி முன்னிலையில் இருந்தார். ரைஃபிளை இலக்குக்கு இறக்கிக்கொண்டிருக்கும்போதே விரல் டிரிகரில் பட்டுவிட்டது. 4.4. தங்கம் சீனாவின் சியூ ஜியானுக்குப் போனது, எம்மன்ஸ் நான்காம் இடத்தில் நின்றார். நான்கு ஆண்டுக்கு முன் ஏதென்ஸில் பக்கத்துத் தடத்து இலக்கைச் சுட்டதும் இவரேதான். டிரிகரை இளக்குவது பெருமையல்ல. இரண்டு நிலையாக அழுத்தும் டிரிகரில், முதல் நிலை அழுத்தத்தில் மொத்த எடையின் பாதிக்கு மேல் வருமாறு வைத்து, இரண்டாம் நிலையின் சுவர் விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தால், 100 கிராமே தாராளம். குளிரில் விரல் மரத்திருந்தால் இன்னும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஏற்றிய தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுப்பது பற்றி. போட்டி ரைஃபிளில் அறை இறுக்கம். குண்டின் நுனி குழலின் வரிகளில் ஏற்கெனவே பதிந்திருக்கும். வெடுக்கென்று இழுத்தால் சில சமயம் ஈயக்குண்டு உள்ளேயே தங்கி, தோட்டாவின் உறை மட்டும் வெளியே வந்து, மருந்து டிரிகருக்குள் கொட்டும். முன்வாயை இலக்குப் பக்கமே வைத்து, போல்ட்டை மெதுவாக நேரே இழுங்கள். குண்டு தங்கிவிட்டால் அடுத்த தோட்டாவைத் திணிக்காமல் கையைத் தூக்கி நடுவரை அழையுங்கள். கொட்டிய மருந்தை ஊதித் தள்ளக் கூடாது, எச்சிலின் ஈரத்தில் துகள் ஒட்டிக்கொள்ளும். ரைஃபிளைக் கவிழ்த்துத் தட்டி, உலர்ந்த தூரிகையால் எடுங்கள்.