கலெக்டர் ஆணை கையில் இருந்தும் பிறப்புச் சான்றிதழுக்கு அலைந்தோம்

காராவில் (மத்திய தத்தெடுப்பு வள ஆணையம்) பதிவு, வீட்டு ஆய்வு, நீண்ட காத்திருப்பு எல்லாம் தத்தெடுத்தவர்களுக்குத் தெரிந்ததுதான். கலெக்டரின் தத்து ஆணையும் சிக்கலில்லாமல் வந்துவிட்டது. மகளின் பிறப்புச் சான்றிதழில்தான் உயிரை வாங்கிவிட்டார்கள்.

அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது தத்து நிறுவனம். விண்ணப்பம் கிடைத்த 5 வேலை நாட்களுக்குள் சான்றிதழ் தர வேண்டும் என்கின்றன 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள். நிறுவனம் உடனே விண்ணப்பித்தும் ஒன்றும் வராததால் நாங்களே நேரில் போனோம்.

பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருந்தவர் ஆணையைப் புரட்டிவிட்டு, "கோர்ட் ஆர்டர் எங்க சார்?" என்றார். 2022 செப்டம்பர் 1 முதல் தத்து ஆணை பிறப்பிப்பது நீதிமன்றம் இல்லை, மாவட்ட ஆட்சியர்தான் என்று சொன்னோம். "எங்களுக்கு சர்க்குலர் வரலையே" என்று பதில்.

அடுத்த முறை போனால், பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டுமாம். மகள் தொட்டில் குழந்தைத் திட்டத்தில் வந்தவள். டிஸ்சார்ஜ் சம்மரிக்கு நாங்கள் எங்கே போவது? ஆணையில் உள்ள பிறந்த தேதியைத்தான் சான்றிதழில் எழுத வேண்டும் என்று விதியே இருக்கிறது.

அப்புறம் பெயர். நிறுவனத்தில் அவளுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். "பேரை மாத்தணும்னா கெஜட்ல போட்டுட்டு வாங்க" என்றாரே, அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அரசிதழில் வந்தால் மட்டும் பிறப்புப் பதிவேடு மாறிவிடாது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் தவறான பதிவைத் திருத்துவதற்குத்தான். அதையும் மூலப் பதிவை அழிக்காமல் ஓரத்தில்தான் எழுதுவார்கள். தத்து விஷயத்தில் ஆணையே போதும். எங்கள் ஆணையில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டுமே இருந்தன. அதனால் தப்பித்தோம். தத்தெடுக்கப் போகிறவர்கள் மனு கொடுக்கும்போதே புதிய பெயரை ஆங்கில எழுத்துக்கூட்டல், இனிஷியல் வரை சரிபார்த்துவிடுங்கள். பெயரில் ழ இருந்தால் இரண்டு முறை பாருங்கள்.

கடைசியில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் ஒரு கடிதம் கொடுத்தார். விதியின் நகலையும் அதோடு வைத்து, தேதி போட்ட முத்திரையுடன் ஒப்புகைச் சீட்டு கேட்டோம். ஒப்புகை என்றதும் அந்தப் பிரிவில் எல்லோருக்கும் சுறுசுறுப்பு வந்துவிட்டது. உள்ளே இருந்த மேலதிகாரி வாங்கிப் படித்து அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

அச்சாகி வந்த சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் 'வளர்ப்புத் தந்தை' என்று இருந்தது. வாங்க மாட்டேன் என்று நின்றுவிட்டேன். ஆணைப்படி நாங்கள்தான் பெற்றோர், அதற்கு முன்னால் அடைமொழி எதுவும் வேண்டாம். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். கவுன்ட்டரை விட்டு நகரும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் படித்துப் பாருங்கள்.

குழந்தைக்கு ஆதார் இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்தச் சான்றிதழ் வரும்வரை பொறுங்கள். பழைய பெயரில் எடுத்துவிட்டால் அதை மாற்றத் தனியாக அலைய வேண்டும்.