ஒரே வாக்கில் தப்பிய ஜான்சன்

1868 பிப்ரவரி 24 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, 126க்கு 47 என்ற வாக்குகளில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டு சுமத்தியது. செனட்டின் ஒப்புதலின்றிப் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனை நீக்கியதே குற்றச்சாட்டுகளின் மையம். ஆனால், நோயுற்ற நிலையிலும் நாற்காலியில் தூக்கிவரப்பட்டு அவைக்கு வந்த குடியரசுக் கட்சிப் பிரதிநிதி தாடியஸ் ஸ்டீவன்ஸ் போன்றோரின் உண்மையான சினம், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கான 1866ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தையே ஜான்சன் தடுக்க முயன்றதில் இருந்தது.

ஸ்டான்டனை நியமித்தவர் முந்தைய தலைவர் லிங்கன் என்பதால், செனட்டின் ஒப்புதலின்றி அதிகாரிகளை நீக்குவதைத் தடுத்த பதவிக்காலச் சட்டம் ஸ்டான்டனுக்குப் பொருந்தாது என்று ஜான்சனின் வழக்கறிஞர்கள் வாதிட்டனர். கொள்கை வேறுபாட்டுக்காக ஒருவரை நீக்கினால் இனி எந்தத் தலைவருக்கும் பாதுகாப்பில்லை என்று குடியரசுக் கட்சியின் செனட்டர் லைமன் டிரம்புல் அஞ்சினார். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும், அதே 1866இல் மெம்ஃபிஸிலும் நியூ ஆர்லியன்ஸிலும் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டதை நினைக்கையில், என் மனம் ஸ்டீவன்ஸின் பக்கமே சாய்கிறது. கறுப்பின மக்களின் உரிமையைத் தடுக்க முயன்ற அந்தப் பெருங்குற்றத்தை முன்னிறுத்தாமல் ஒரு நியமனச் சட்டத்தின் நுணுக்கத்தை நம்பியதே வழக்கைப் பலவீனமாக்கியது என்பேன். மே 16 அன்று செனட்டில் 35 பேர் குற்றவாளி என்றும், ஏழு குடியரசுக் கட்சியினர் உட்பட 19 பேர் இல்லை என்றும் வாக்களித்தனர், தேவைப்பட்டது 36.