கிளட்ச் மாத்த கியர்பாக்ஸ் இறக்குறப்பவே சேத்து முடிச்ச வேலைங்க

என்னோடது போர்ஷே பாக்ஸ்டர், 986 மாடல். டாப் கியர்ல ஆக்சிலேட்டரை அமுக்குனா ஆர்பிஎம் மட்டும் ஏறுது, வேகம் ஏற மாட்டேங்குது, கிளட்ச் தேஞ்சிடுச்சுனு தெரிஞ்சு போச்சு. பிளேட் மாத்துறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல, அதுகிட்ட போறதுக்கு எக்ஸாஸ்ட், டிரைவ் ஷாஃப்ட், கியர்பாக்ஸ்னு எல்லாத்தையும் இறக்கணும், கூலி பூரா அதுலதான் போகுது. அதனால கியர்பாக்ஸுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கறது எதுவா இருந்தாலும் இப்பவே பாத்துடணும்னு மெக்கானிக்கிட்ட முதல்லயே சொல்லிட்டேன்.

முக்கியமானது ஐஎம்எஸ் பேரிங். இன்ஜின் உள்ள கேம் செயினை ஓட்டுற இன்டர்மீடியட் ஷாஃப்டோட ஒரு முனையைத் தாங்குறது இதுதான், இது போச்சுன்னா டைமிங் தவறி வால்வு பிஸ்டன்ல இடிச்சு இன்ஜினே காலி. கிளட்ச் உக்காந்திருக்கற கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கழட்டுனாதான் இதோட மூடியே கண்ணுக்குத் தெரியும். ஆனா பேரிங் வாங்குறதுக்கு முன்னாடி ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்பு மடிப்பா விரிச்சு வெளிச்சத்துல பாருங்க, இன்ஜின் அடியில ஆயில் தங்குற சம்பையும் கழட்டிப் பாருங்க. மினுமினுன்னு இரும்புத்தூள் இருந்தா, தூள் ஏற்கனவே இன்ஜின் பூரா சுத்தியிருக்கும், புது பேரிங் போட்டும் பிரயோஜனம் இல்ல. என்னோடதுல சுத்தமா இருந்துச்சு, நிம்மதி. அப்புறம்தான் கிராங்க் ஷாஃப்டை டிடிசில (பிஸ்டன் உச்சியில நிக்கற நிலை) லாக் பண்ணி, கேம்ஷாஃப்ட் நகராம பிடிச்சு, செயின் டென்ஷனரைக் கழட்டிட்டு மூடியில கை வெச்சாங்க, இந்த வரிசையை விட்டுட்டு அவசரப்படுற ஆளுகிட்ட இந்த வேலையைக் குடுக்கவே குடுக்காதீங்க. இன்னொண்ணு, 2006லருந்து 2008 வரைக்கும் வந்த இன்ஜின்ல பேரிங் பெருசு, இன்ஜினைப் பிளக்காம வெளிய வராது, 2009ல வந்த புது இன்ஜின்ல அந்த ஷாஃப்டே கிடையாது, அதனால உங்க வண்டில எந்த இன்ஜின்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

பக்கத்துலயே ரியர் மெயின் சீல், கிராங்க் ஷாஃப்ட் முனையில ஆயில் வெளிய வராம தடுக்கறது. லேசா ஆயில் கசிஞ்சு கிளட்ச்சை மூடியிருக்கற பெல் ஹவுசிங் அடியில ஈரமா இருந்துச்சு, வயசான சீல், மாத்தியாச்சு. இப்ப வர்றது பிடிஎஃப்இ (டெஃப்லான்) சீல், இதுக்கு ஆயில் தடவக்கூடாது, காஞ்ச நிலையிலயே நேரா, ஒரு பக்கம் சாயாம உள்ள போகணும். பழைய ரப்பர் சீலுக்குத் தடவுற பழக்கத்துல இதுலயும் தடவிடுவாங்க, பக்கத்துல நின்னு சொல்லிடுங்க.

ஃப்ளைவீல் டூயல் மாஸ், அதாவது நடுவுல ஸ்பிரிங் வெச்ச ரெண்டு பகுதி, இதை லேத்துல குடுத்து கடைய முடியாது. கையால திருப்பி விட்டா ஸ்பிரிங் இழுத்து பழைய இடத்துக்கு வரணும், லொடலொடன்னு ஆடுனாலோ உள்ள இருந்து கிரீஸ் வெளிய வந்திருந்தாலோ புதுசு போடறதுதான் சரி. எப்படி இருந்தாலும் போல்ட்டு மட்டும் புதுசு, பழசைத் திருப்பிப் போடவே கூடாது. பெடலை அமுக்குனா கிளட்ச்சை விடுவிக்கற ரிலீஸ் பேரிங் ஓடுற கைடு டியூப், ஃபோர்க், பைவட் மூணும் தேஞ்சிருந்தா புது கிளட்ச் போட்டும் பெடல் கரகரன்னுதான் இருக்கும், சின்ன சாமான்தான, மாத்திடுங்க.

கியர் ஆயில், சிவி பூட் (டிரைவ் ஷாஃப்ட் மூட்டோட ரப்பர் உறை), கிளட்ச் ஃப்ளூயிட் எல்லாம் போற போக்குல முடிஞ்சிடும். இன்ஜின் ஆவியில இருந்து ஆயிலைப் பிரிக்கற ஏர் ஆயில் செப்பரேட்டர் பழசாயிருந்தா அதையும் இப்பவே பண்ணிடலாம், கியர்பாக்ஸ் இல்லாதப்ப அங்க கை நல்லா போகும். வாட்டர் பம்பையும் சேத்துடலாமானு கேட்டாங்க, வேணாம்னுட்டேன், அது இன்ஜினோட மறுமுனையில இருக்கு, கியர்பாக்ஸ் இறங்குனதால அதுக்கு ஒரு கூலியும் மிச்சமாகப் போறதில்ல.