ஓபியாய்டு அபாயத்துக்கு மரபணு மதிப்பெண் போடும்போது

மார்ஃபின், ஆக்ஸிகோடோன் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளுக்கு யார் அடிமையாவார் என்று டிஎன்ஏவை வைத்து மதிப்பெண் போட்டுக் கணக்கிடும் ஆய்வுகளில் கணினி வேலை சீக்கிரம் முடிந்துவிடும். யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. முக்கால்வாசித் தவறுகளும் அங்கேதான் நடக்கின்றன.

முதலில் பாதிக்கப்பட்டோர் பட்டியல். மருத்துவமனைப் பதிவில் ஐசிடி-10 எஃப்11 என்ற, ஓபியாய்டு கோளாறுக்கான நோய்க் குறியீடு ஒருமுறை வந்ததை வைத்து யாரையும் சேர்க்கக் கூடாது. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும் நாள்பட்ட வலி நோயாளிக்கும் அதே குறியீட்டைப் போட்டுவிடுகிறார்கள். உள்நோயாளிப் பதிவு ஒன்று, அல்லது வெளிநோயாளிப் பதிவு இரண்டு என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்கிறோம். ஒப்பீட்டுக் குழுவில் வருபவர் ஒருமுறையாவது ஓபியாய்டு எடுத்து, அதற்கு அடிமையாகாதவராக இருக்க வேண்டும். மருந்தையே தொடாதவரிடம் அபாய மாறுபாடுகள் (ஆளுக்கு ஆள் வேறுபடும் டிஎன்ஏ எழுத்துகள்) அத்தனையும் இருக்கலாம்; வெளியே தெரிய வாய்ப்பே வந்திருக்காது. அறுவை சிகிச்சைக்குப் பின் இரண்டு நாள் எடுத்தவரையும் மூன்று மாதம் எடுத்தவரையும் ஒரே தட்டில் வைப்பதும் சரியில்லை. மருந்து எடுத்த நாட்களைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

தரச் சோதனையில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை: 98 சதவீதத்துக்குக் குறைவாக வாசிக்கப்பட்ட மாதிரிகளும் மாறுபாடுகளும் வெளியே, 1 சதவீதத்துக்கும் அரிதான மாறுபாடுகள் வெளியே, இருவரின் இரத்த உறவு நெருக்கத்தைக் காட்டும் கின்ஷிப் எண் 0.0884-ஐத் தாண்டும் உறவினர் இணையில் ஒருவர் வெளியே.

அடுத்து, கோப்புகளை இணைத்ததும் செய்ய வேண்டிய ஒரு சோதனை. மியூ ஓபியாய்டு ஏற்பியின் மரபணுவான ஓபிஆர்எம்1-இல் ஆர்எஸ்1799971 என்ற மாறுபாட்டைத் தேடிப் பாருங்கள். 6ஆவது குரோமோசோமில், மனித மரபணுத்தொகுதி வரைபடத்தின் பழைய 37ஆவது பதிப்பின்படி அதன் இடம் 154360797; 38ஆவது பதிப்பின்படி 154039662. உங்கள் கோப்பும், ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் எவ்வளவு மதிப்பு என்று சொல்லும் எடைக் கோப்பும் வெவ்வேறு பதிப்பில் இருந்தால் இங்கேயே பிடிபடும். 2020இல் 1,14,759 பேரை வைத்து வெளியான ஆய்வில் இதன் ஜி வடிவத்துக்குக் கிடைத்த விளைவு −0.066, அதாவது லேசான பாதுகாப்பு. உங்களிடம் அது கூட்டல் குறியோடு இருந்தால் புதிதாக ஏதோ கண்டுவிட்டதாக மகிழ வேண்டாம். அல்லீல் (மாறுபாட்டின் எந்த எழுத்து வடிவம் என்று குறிக்கும்) பத்தி தலைகீழாகியிருக்கிறது. ஏ/டி, சி/ஜி ஜோடிகளில் டிஎன்ஏவின் எதிர் இழையிலிருந்து வாசிக்கப்பட்டிருப்பது இப்படித் தெரியாது. அவற்றை, குறிப்பாக மக்களிடையே காணப்படும் விகிதம் 0.5-ஐ ஒட்டி இருப்பவற்றை, எடுத்துவிடுவதே நல்லது.

அதிகம் ஏமாற்றுவது வம்சாவளி. அதே ஜி வடிவம் ஐரோப்பியரிடம் ஏறக்குறைய 15 சதவீதம், தெற்காசியரிடம் 40 சதவீதத்தை ஒட்டி, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மிகக் குறைவு. பாதிக்கப்பட்டோரில் ஒரு வம்சாவளி கூடுதலாகவும் ஒப்பீட்டுக் குழுவில் இன்னொன்று கூடுதலாகவும் இருந்தால், மதிப்பெண் அளப்பது அடிமைத்தனத்தை அல்ல, பூர்வீகத்தை. பூர்வீக வேறுபாட்டைச் சுருக்கிக் காட்டும் முதல் 10 முதன்மைக் கூறுகளைக் கணக்கில் சேர்த்தால் கொஞ்சம் சரியாகும். வம்சாவளிவாரியாகத் தனித்தனியே ஓட்டுவது அதைவிட நம்பகமானது. இயந்திரக் கற்றல் முறைகளிடம் இதில் இன்னும் கவனம் தேவை, பத்துப் பதினைந்து மாறுபாடுகளிலிருந்தே அவை பூர்வீகத்தைக் கற்றுக்கொண்டுவிடும். ஐரோப்பிய எடைகளால் ஒரு தமிழருக்கு மதிப்பெண் போட்டு, ஐரோப்பியப் பரவலில் அவர் எத்தனையாவது சதமானம் என்று சொல்வதில் பொருளே இல்லை.

எடைகளைச் சீர்செய்யும் பிஆர்எஸ்-சிஎஸ் நிரலுக்கு, எந்த மாறுபாடுகள் சேர்ந்தே வருகின்றன என்று காட்டும் இணைப்புச் சமநிலையின்மைக் கோப்பைத் தரும்போது, எடைகள் எந்த மக்களிடமிருந்து வந்தனவோ அவர்களுடையதைத் தர வேண்டும். விடை வந்ததும் பெருமைப்படாமல் சந்தேகப்படுங்கள். இரட்டையர் ஆய்வுகள் இந்தக் கோளாறின் மரபுவழிப் பங்கை ஏறத்தாழப் பாதி என்கின்றன; ஆனால் பொதுவான மாறுபாடுகளிலிருந்து 2020 ஆய்வில் கிடைத்தது 11.3 சதவீதமே. உங்கள் மதிப்பெண் அதையும் தாண்டி விளக்கினால், எடை கணக்கிட்ட கூட்டத்திலிருந்தே சிலர் உங்கள் மாதிரியிலும் இருக்கிறார்கள், அல்லது உறவினர், வம்சாவளிக் கசிவு இருக்கிறது. புகைபிடித்தலுக்கான மதிப்பெண்ணையும் பக்கத்திலேயே ஓட்டிப் பாருங்கள். கிடைத்ததில் ஒரு பங்கு அதற்குச் சொந்தமாக இருக்கும்.

இந்த மதிப்பெண் மருத்துவமனைப் பயன்பாட்டுக்குப் போகும்போது கணக்கு இன்னும் கடுமையாகும். அவெர்ட்டி என்ற 15 மாறுபாட்டுச் சோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023 டிசம்பரில் அனுமதி தந்தது. அதன் ஆலோசனைக் குழு முந்தைய ஆண்டே 11-2 என எதிர்த்து வாக்களித்திருந்தது. நிறுவனம் காட்டிய உணர்திறன் (அடிமையாகக்கூடியவர்களைப் பிடிக்கும் அளவு) 82.8 சதவீதம், குறிப்புத்திறன் (ஆபத்தில்லாதவர்களைச் சரியாக விடும் அளவு) 79.2. அவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டு, 1,000 பேரில் 50 பேர் அடிமையாகக்கூடியவர்கள் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: 41 பேர் பிடிபடுவார்கள், ஆபத்தே இல்லாத 198 பேருக்கும் அபாய முத்திரை விழும். முத்திரை விழுந்த ஆறு பேரில் ஐந்து பேருக்குத் தவறான முடிவு. முன்னாள் ராணுவத்தினர் 4,52,664 பேரிடம் அதே 15 மாறுபாடுகளைச் சோதித்து 2025இல் வெளியான ஆய்வில் அபாய வேறுபாட்டில் அவை விளக்கியது 0.4 சதவீதம்; கணிப்பு நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேல்.

தவறான முத்திரை விழுந்தவருக்கு வலி மருந்து மறுக்கப்படலாம். தப்பிப்போன 9 பேரின் அறிக்கையில் அபாயம் குறைவு என்று அச்சாகியிருக்கும்; அதை நம்பி எழுதப்படும் சீட்டில் மாத்திரைகளின் எண்ணிக்கை கூடும். அதனால் நாங்கள் எழுதும் அறிக்கைகளில் 'குறைவு' என்ற பெட்டியையே வைப்பதில்லை.